ஆறு குழியும் அதைச் சேர்ந்தவையும்

"இவ்ளோ இங்கிலீஷ் படிச்சி இன்னாம்மா பண்ணப் போறே? ஊறப் போட்ட தோலுக்குப் பாடம் எடுப்பியா?"

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பு இருந்த மனையின் சொந்தக்காரர் என்னைக் கேட்டது இது. பள்ளி இறுதிப் பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு, பையோடு படலைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே வந்த நேரம். அவர் கிணற்றடியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனத்தோடு கேட்டதாகச் சொல்ல மாட்டேன், சும்மா கேலிதான். தோலில் முடி வழித்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். நைனாவும் மரியாதைக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. நைனாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டு. அவர்களுக்கு முன்னே இருந்தவர்களுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை, அவர்கள் பேரில் எழுதிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. மிஷன் பள்ளியில் என் பாவாடையில் தோல் நாற்றம் அடிக்கிறது என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த பெண்கள், பரீட்சை நெருங்கும்போது அதே பெஞ்சில் என்னை நெருக்கி உட்கார்ந்து கணக்குக் கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தேன். நாற்றத்தைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை.

ஷாப்பு ஆம்பூருக்கு வெளியே, ரயில் பாதைக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருந்தது. அதன் பழைய முதலாளி ஒரு பெரிய சாயபு. நைனா அவரிடம் மேஸ்திரி. சாயபு தன் வேலையைப் பெரிய இடத்துக்கு மாற்றிக்கொண்டபோது, "எத்தினி நாளுக்கு எனக்கே மேஸ்திரியா இருப்பே? இத நீயே எடுத்து நடத்து" என்று பழைய இடத்தை நைனாவுக்குக் குத்தகைக்கு விட்டார். தோல் ஊறப் போடும் குழிகள் ஆறு, ஒரு கிணறு, கழிகள் நட்ட காயப்போடும் இடம், ஆவாரம்பட்டை அடுக்கும் கொட்டகை, இவ்வளவுதான். கொட்டகையின் ஒரு ஓரத்தைத் தட்டியால் மறைத்து அதில் நாங்கள் குடியிருந்தோம். மற்றவர்கள் கொண்டுவரும் தோலை நைனா கூலிக்குப் பதனிட்டுக் கொடுத்தார். மாதம் பிறந்தால் முதல் வேலையாக வாடகையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவார்.

பெரிய சாயபு இறந்தபின் அவருடைய மருமகன் மற்ற வாரிசுகளின் பங்கையும் வாங்கிக்கொண்டு மனைக்கு முழுச் சொந்தக்காரர் ஆனார். ஊரில் எல்லோரும் அவரை மருமகன் சாயபு என்றுதான் சொல்வார்கள். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். ஆற்றில் மணல் மட்டுமே ஓடும் கோடையிலும் எங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்கும். அதை ஒட்டிப் பெரிய ஷாப்பு போட அவர் ஆசைப்பட்டார். தோல் வேலை தெரிந்த யாருக்கும் அந்த ஆசை வரும். கிணறு போனால் நைனாவுக்கு மிஞ்சுவது ஆறு வெறும் பள்ளங்கள் என்பதும் தோல் வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

பரீட்சை முடிந்து மாதம் திரும்பவில்லை, கோர்ட்டுச் சேவகன் சம்மன் கொண்டுவந்தான். நைனா கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கி என்னிடம் கொடுத்தார். வேலை நின்றது. எல்லோரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். நான் அவர்களுக்கு முதலில் படித்துக் காட்டிய முக்கியமான காகிதம் அதுதான்.

குத்தகைப் பத்திரத்தில் "மேற்படி மனையில் ஆறு குழியும் அதைச் சேர்ந்தவையும்" என்று எழுதியிருந்தது. குழி என்றால் நில அளவு, இருபத்து நான்கு அடிச் சதுரம், ஆகவே குத்தகைக்கு விட்டது ரோட்டோரமாக ஆறு குழி நிலம் மட்டும் என்று மருமகன் சாயபு வழக்குப் போட்டிருந்தார். கிணறும் காயப்போடும் இடமும் கொட்டகையும் அந்த அளவுக்கு வெளியே இருக்கின்றனவாம். அவற்றை நைனா அத்துமீறிப் பிடித்து வைத்திருக்கிறாராம். காலி செய்து கொடுக்க வேண்டுமாம்.

நைனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. "அதான் ஆறு குழின்னு எழுதியிருக்குதே. வந்து எண்ணிப் பாக்கச் சொல்லு. ஆறு இருக்குதா இல்லியா?"

"அவங்க சொல்றது பள்ளம் இல்ல நைனா. நெலத்து அளவு."

"நெலத்துக்கு இன்னாத்துக்குக் குழி? நான் இன்னா வேர்க்கடலையா போடறேன்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பத்திரம் எழுதப்பட்ட விதத்தைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதினவர் குடியாத்தம் பக்கத்து விவசாய ஊர்க்காரர். வாழ்நாளெல்லாம் நிலத்தையும் தோப்பையும் எழுதிப் பழகிய கை. ஆறு குழி என்று காதில் விழுந்ததும் அப்படியே எழுதிவிட்டார். பிறகு உரக்கப் படித்துக் காட்டினார். பெரிய சாயபுவுக்கு உருது எழுத்துத்தான் தெரியும், நைனாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. இருவரும் கேட்டுத் தலையாட்டினார்கள். இருவரும் தோல்காரர்கள். அவர்கள் காதில் விழுந்த குழியில் தண்ணீரும் சுண்ணாம்பும் இருந்தன. எழுதினவர் மனத்தில் இருந்த குழியில் நெல் விளைந்தது.

எழுதினவர் இப்போது உயிரோடு இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை.

அடுத்த மாதம் நைனா வழக்கம்போல வாடகை கொண்டுபோனார். மருமகன் சாயபுவின் கணக்குப்பிள்ளை வாங்க மாட்டேன் என்றார். நாங்கள் வைத்திருந்த வக்கீல் சொன்னபடி மணியார்டர் செய்தோம். அதுவும் திரும்பி வந்தது. வாடகை கேட்டு வருகிறவர்களை நைனா எத்தனையோ பார்த்திருக்கிறார். வாடகை வேண்டாம் என்கிற முதலாளியை அப்போதுதான் பார்த்தார். வழக்கில் எழுதியிருந்த எதுவும் அவரை அவ்வளவு பயப்படுத்தவில்லை.

எங்கள் வக்கீல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர். நல்ல மனிதர், நிதானமாகப் பேசுவார். அவரிடம் போனால் நைனா நின்றுகொண்டே இருப்பார். "உட்காருங்கள்" என்று அவர் சொன்ன பிறகும் நிற்பார். அதனால் நானும் நிற்க வேண்டியிருக்கும்.

"எழுத்து அவர்கள் பக்கம் இருக்கிறது, மேஸ்திரி" என்றார் வக்கீல். "நடைமுறை உங்கள் பக்கம். இத்தனை வருஷம் கிணற்றைப் பயன்படுத்தினது சும்மா விட்டுவைத்த தயவு என்று அவர்கள் சொல்வார்கள். பெரியவர் வாயால் என்ன கொடுத்தார் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். பேச்சு நடந்தபோது யார் இருந்தார்கள்?"

நைனா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவங்க வூட்டு அம்மா இருந்தாங்க. கதவுக்கு அந்தாண்ட. அவங்களக் கேக்காம சாயபு ஒண்ணும் பண்ண மாட்டாருங்க."

பெரிய சாயபுவின் மனைவியை நாங்கள் பீபிம்மா என்போம். அவர் இருந்தது மருமகன் சாயபுவின் வீட்டில்தான். அவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். அது நடக்காது என்று அம்மா சொன்னாள். ஆனால் வக்கீல் மனுப் போட்டார், கோர்ட்டும் ஒப்புக்கொண்டது. பீபிம்மா அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் கோஷா இருப்பவர், கோர்ட்டுக்கு வர மாட்டார். ஆகவே இன்னொரு இளம் வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, வீட்டுக்கே போய், திரைக்கு வெளியே உட்கார்ந்து சாட்சியத்தை எழுதிவரச் சொன்னார்கள்.

திரைக்கு உள்ளே இருந்து பேசுவது அவர்தானா, பக்கத்தில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா என்று யாருக்குத் தெரியும்? அதனால் இரு கட்சியிலும் ஒரு பெண் உள்ளே உட்காரலாம் என்று ஏற்பாடு. அவர்கள் பக்கத்தில் பீபிம்மாவின் மகள், அதாவது மருமகன் சாயபுவின் மனைவி. எங்கள் பக்கத்தில் அம்மா போக வேண்டும். "ஐயோ, என்னால ஆவாது. அவங்க பாஷையும் தெரியாது" என்று அவள் பின்வாங்கிவிட்டாள். ஷாப்புக்குப் பக்கத்துத் தெருவில் பாதி வீடுகளில் உருது. எனக்கு அது விளையாடும்போதே வந்துவிட்டது. வக்கீல் என்னைப் பார்த்தார்.

"ஒரு சொல்கூடப் பேசக் கூடாது" என்றார். "வாயைத் திறந்தால் நீ சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்பார்கள். இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். புரிகிறதா?"

புரிந்தது. பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லப் பழக்கின பிறகு, படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை வாயை மூடிக்கொண்டு உட்காருவது.

அந்த வீட்டின் உள் கதவில் பட்டைக் கோடு போட்ட ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பாய் விரித்திருந்தது. பீபிம்மா மெலிந்த உருவம். வெற்றிலை போட்ட வாய். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேஸ்திரி பொண்ணா? படிச்சவளாமே."

பேசக் கூடாதே என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அரே, ஊமையா?" என்று மகளைக் கேட்டார்.

"கோர்ட்டு உத்தரவு அம்மீ. அவ பேசக் கூடாது. நீயும் கம்மியா பேசு, அது போதும்" என்றாள் மகள்.

பீபிம்மா பாயைத் தட்டி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. திரைக்கு வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ இருமும் சத்தம். கமிஷனர் கடவுளின் பேரால் உண்மை சொல்வதாகச் சொல்ல வைத்தார். பிறகு தமிழில் கேட்கத் தொடங்கினார்.

"மேஸ்திரிக்குக் குத்தகை பேசினபோது நீங்கள் இருந்தீர்களா?"

"இருந்தேன். குடுக்கச் சொன்னதே நான்தான்."

வெளியே இருமல் நின்றது. மகள் மூச்சை இழுத்தாள்.

"உங்கள் வீட்டுக்காரர் என்ன கொடுத்தார்?"

"சே ஹவுஸ் குடுத்தார். ஆறு. ஆறு ஹவுஸ், அதுக்குத் தண்ணிக்குக் கெணறு, காயப்போட எடம், எல்லாந்தான். கெணறு இல்லாம ஹவுஸ வெச்சிக்கினு இன்னா பண்ணுவாங்க?"

எங்கள் பக்கத்தில் உருது பேசும் வீடுகளில் தோல் ஊறும் குழிக்கு ஹவுஸ் என்றுதான் பேர். பள்ளிவாசலில் கை கால் கழுவும் தொட்டிக்கும் அதே சொல். என் காதில் அது குழியாகவே விழுந்தது. ஆறு குழி, கிணறு, காயப்போடும் இடம். பத்திரத்தில் நிலமும் பள்ளமும் குழம்பிய அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக, குழப்பமே இல்லாத இன்னொரு சொல் கிடைத்துவிட்டது. உருதுவில் நிலத்தை யாரும் ஹவுஸ் என்று அளக்க மாட்டார்கள். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

மருமகன் சாயபுவின் வக்கீல் உள்ளூர்க்காரர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெரிம்மா, வயசாச்சு உங்களுக்கு. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க. ஹவுஸ் தானா?"

"ஹவுஸ் தான். எனக்கு இன்னா மறதியா?"

"சரி. வேற கேள்வி இல்ல."

கமிஷனர் தான் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். "ஆறு ஹவுஸ், கிணறு, காயப்போட வெளி இடம் இதெல்லாம் குடுத்தார்னு எழுதியிருக்கேன். சரிதானே?"

"சரி" என்றார் பீபிம்மா. திரைக்கு அடியில் காகிதமும் மை தடவும் பெட்டியும் வந்தன. பெருவிரலை அழுத்தி வைத்தார். மகள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். பீபிம்மா என் கையை விட்டார். "போ. உங்க அப்பன் தெருவுல நிப்பான்" என்றார்.

நைனா தெருமுனையில் நின்றிருந்தார். "சொல்ட்டாங்க நைனா, கெணத்தோட சேத்து சொல்ட்டாங்க" என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் வக்கீல் மட்டும் வண்டியில் ஏறும்போது முகம் வாடியிருந்தார். "நன்றாகச் சொன்னார் இல்லையா ஐயா?" என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார். அவருடைய சுபாவமே அப்படி என்று நினைத்தேன்.

அந்த வாரமே பீபிம்மாவை வாணியம்பாடியில் இருந்த அவர் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காற்று மாற்றத்துக்கு என்று சொன்னார்கள்.

தீர்ப்புச் சொன்ன நாளில் நாங்கள் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்றோம். உள்ளே இங்கிலீஷில் சில வரிகள் வாசித்தார்கள். வக்கீல் வெளியே வந்து தலையை அசைத்தார். வழக்கு அவர்களுக்குச் சாதகம். ஆறு குழி நிலத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். நைனா, "அப்ப பீபிம்மா சொன்னது?" என்று கேட்டார். வக்கீலை அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நகல் கிடைக்கச் சில வாரம் ஆயிற்று. அதை வாங்கிக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தபோது ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அதில் இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: இந்தச் சாட்சி வயதானவர். ஆறு வீடுகள் குத்தகைக்கு விடப்பட்டதாகச் சொல்கிறார். அந்த மனையில் ஒரு கொட்டகை தவிர வீடே கிடையாது என்பதை இரு கட்சியும் ஒப்புக்கொள்கின்றன. இவருடைய ஞாபகத்தை நம்புவதற்கில்லை. கிணற்றைப் பற்றி இவர் சொல்வதும் அப்படியே.

வீடுகள் எங்கிருந்து வந்தன? பீபிம்மா வீடு என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லையே. அந்த வரியைத் திரும்பப் படித்தேன். பிறகு அந்த இங்கிலீஷ் சொல்லை வாய்விட்டுப் படித்தேன். படித்ததும் என் காதிலேயே விழுந்தது. பக்கத்தில் முறுக்குக் கூடையோடு இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா?" என்றார் நைனா.

"இங்கிலீஷ்ல ஹவுஸ்னா வீடு, நைனா."

அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "வீடா" என்றார். பிறகு, "அப்ப அந்த அம்மாவ இன்னான்னு எழுதியிருக்காங்க? பொய் சொன்னாங்கன்னா?"

"பொய்யின்னு இல்ல. புத்தி தடுமாறிடுச்சின்னு."

"அதுக்குப் பொய்யின்னே எழுதியிருக்கலாம்" என்றார் நைனா.

எங்கள் வக்கீலிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தானும் வீடு என்றுதான் கேட்டதாக ஒப்புக்கொண்டார். கிழவி குழம்பிவிட்டாள், கிளறிக் கேட்டால் இன்னும் கெடும் என்று அன்று பேசாமல் இருந்துவிட்டாராம். உருது காதில் விழாத ஊரில் வளர்ந்தவர் அவர். ஆனால் எதிர் வக்கீல் இந்த ஊரில் பிறந்தவர். அவர் ஏன் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தினார் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் காதில் அது குழியாகத்தான் விழுந்திருக்கும், வீடு என்று எழுதட்டும் என்று விட்டுவிட்டார்.

"வேலூரில் அப்பீல் போடலாம்" என்றார் வக்கீல். "ஆனால் எழுதினது எழுதினதுதான். அந்தச் சொல்லை என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று, திரைக்கு உள்ளே இருந்த ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். உள்ளே இருந்தது மூன்று பேர். ஒருவர் அந்த அம்மாள். ஒருவர் வாதியின் மனைவி."

"இன்னொருத்தி நான்."

"கட்சிக்காரரின் மகள். உன்னைக் கூண்டில் ஏற்றி என்னென்னவோ கேட்பார்கள், அம்மா. சுலபமாக இருக்காது."

இதற்கு நடுவில் கோர்ட்டு ஆமீன் நிலத்தை அளக்க வந்துவிட்டார். அப்பீல் காலம் முடியும்வரை எதையும் பிடுங்க மாட்டோம், எல்லையை மட்டும் குறித்துவிட்டுப் போகிறோம் என்றார். ரோட்டோரத்திலிருந்து சங்கிலி பிடித்து, முளையடித்து, கயிறு கட்டினார்கள். கயிறு கிணற்றுக்கு வெகு தூரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நாலாவது குழிக்கு நேர் குறுக்கே போயிற்று. குழி நிறையத் தோல் ஊறிக்கொண்டிருந்தது.

"ஐயா, இதுல பாதி என்னுது, பாதி சாயபுவுதா?" என்று நைனா கேட்டார்.

"கயிறு அப்படித்தான் காட்டுது."

"அப்ப ஆட்டுத் தோல்ல தலைப்பக்கம் எனக்கு, வால்பக்கம் அவருக்குங்களா?"

ஆமீன்கூடச் சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

மறுநாள் மருமகன் சாயபு ஆள் அனுப்பினார். அப்பீலை விட்டுவிட்டால் நைனாவுக்குத் தன் புது ஷாப்பில் மேஸ்திரி வேலை, குடியிருக்க அதே தட்டி அறை. நைனா உடனே மறுக்கவில்லை. மேஸ்திரி வேலை அவருக்குப் பழகின வேலை. அம்மா ஒப்புக்கொள்ளும் பக்கமே சாய்ந்துவிட்டாள். "கூண்டுல ஏறுன பொண்ண எவன் கட்டிப்பான்? கெணறு போனா போவட்டும்" என்றாள்.

"பீபிம்மாவ முதல்ல பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லி நான் வாணியம்பாடிக்கு ரயிலேறினேன்.

பீபிம்மா தம்பி வீட்டுப் பின்கட்டில் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். "இப்போ பேசலாமா நீ?" என்று கேட்டார். தீர்ப்பில் இருந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இங்கிலீஷ்காரன் வீட்டை ஹவுஸ் என்கிறான் என்று சொன்னதும் அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"ஆறு வூடா! அந்த நாத்தத்துல எவன் ஆறு வூடு கட்டுவான்?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னை இன்னான்னு எழுதியிருக்கான்?"

"ஞாபகத்தை நம்ப முடியாதுன்னு."

முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "மக பேச்ச வுட்டேன். மருமகன் சோத்த வுட்டேன். அறுபது வருஷமா இருந்த ஊர வுட்டேன். எல்லாம் வுட்டுச் சொன்னது ஒரு வார்த்த. அத ஆறு வூடுன்னு எழுதிட்டானா?"

நான் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தேன். முற்றத்தில் யாரோ வாளியை இழுத்துப் போட்டார்கள்.

"மறுபடி கூப்பிடச் சொல்லு" என்றார். "இந்தத் தடவ தமிழ்லயே சொல்றேன். ஆனா பேட்டி, என் மகளே, நான் மட்டும் சொன்னா, கெழவி இப்ப மாத்திப் பேசறான்னுவாங்க. நீ பக்கத்துல இருந்தே. நீயும் சொல்லணும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, மேஸ்திரி வேலை வேண்டாம் என்று நைனாவைச் சொல்லச் சொன்னேன். அம்மா அழுதாள். என் கல்யாணத்தைப் பற்றி அவள் கவலைப்படுவது தவறில்லை. கூண்டில் என்னிடம் கேட்கப்போகும் கேள்விகளில் தோல் நாற்றமும், சேரியும், வயதுக்கு வந்த பெண் ஊர் ஊராக ரயிலில் போவதும் எல்லாம் வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் கிணறு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு பெண்மணியின் மானமும் அதில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லை உருதுவிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் அறிந்து, அன்று திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் நான். வேறு யாரை அனுப்புவது?

நைனா நாலாவது குழியின் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவிழ்க்கவில்லை, கோர்ட்டுக் கயிறு. "நீ சொன்னா அவங்க சரியா எழுதுவாங்களா?" என்று கேட்டார்.

"எழுதுனதும் வாங்கிப் படிச்சிப் பாப்பேன் நைனா. தப்பா இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் தலையாட்டினார். மருமகன் சாயபுவின் ஆளிடம் மறுநாள் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

போன திங்கட்கிழமை நானும் நைனாவும் வேலூருக்குப் போனோம். அப்பீல் மனுவோடு சேர்க்கவேண்டிய பிரமாணப் பத்திரத்தை வக்கீல் எழுதி வைத்திருந்தார். நான் அதை இரண்டு தரம் படித்தேன். ஒரு இடத்தில் "தோல் தொட்டி" என்று இருந்ததை அடித்து, "தோல் ஊறப் போடுவதற்காகத் தரையில் வெட்டிய குழி, உருதுவில் ஹவுஸ்" என்று என் கையால் எழுதினேன். எதிர்க்கட்சியார் என்னை நேரில் விசாரிக்கலாம் என்ற வரியை வக்கீல் விரலால் தொட்டுக் காட்டினார். அதை அப்படியே விடச் சொன்னேன். அதிகாரி முன்னால் நின்று சத்தியம் செய்தேன். என் பெயர், நைனாவின் பெயர், ஊர், வயது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை குத்தி, ஒரு பிரதியை வாதியான மருமகன் சாயபுவிடம் சேர்ப்பிக்கும்படி குமாஸ்தாவிடம் நீட்டினார்.